மரம் எப்படிக் கட்டமானது? பீட் மொண்ட்ரியானைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

வெள்ளைப் பரப்பு. அதைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கறுப்புக் கோடுகள். ஒரு மூலையில் பெரிய சிவப்பு, இன்னொரு மூலையில் கொஞ்சம் நீலம், ஓரத்தில் துளி மஞ்சள். பீட் மொண்ட்ரியான் என்ற டச்சு ஓவியரின் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள்: கைப்பையில், காப்பிக் கோப்பையில், செல்போன் உறையில். 1930 இல் அவர் வரைந்த இப்படியொரு படம் 2022 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 5 கோடியே 10 லட்சம் டாலருக்குப் போனது. செய்தியைப் படித்த பலருக்கும் ஒரே கேள்விதான் வந்திருக்கும். ஒரு ஸ்கேலும் மூன்று பெயின்ட் டப்பாவும் இருந்தால் இதை நானே போட்டுவிடுவேனே?

நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கட்டங்களையே முறைத்துக்கொண்டிருந்தால் பதில் கிடைப்பது கஷ்டம். அவர் வரைந்த மரங்களிலிருந்து நாம் தொடங்குவது நல்லது.

மொண்ட்ரியானின் படங்கள் உலகிலேயே அதிகமாக இருப்பது நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள குன்ஸ்ட்மியூசியத்தில், கிட்டத்தட்ட முந்நூறு. அவற்றில் மூன்றை மட்டும் இணையத்தில் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, 1908 க்கும் 1910 க்கும் இடையில் வரைந்த 'சிவப்பு மரம்'. இலை இல்லாத மரம். நீலப் பின்னணியில் சிவப்புத் தீற்றல்கள். கிளைகள் வளைந்து நெளிந்து தரையைத் தொடப் பார்க்கின்றன. நிறம்தான் விசித்திரமே தவிர, அது மரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இரண்டாவது, 1911 இன் 'சாம்பல் மரம்'. நிறம் போய்விட்டது. கிளைகள் வெறும் வளைவுகளாகிவிட்டன. அதைவிட முக்கியமான ஒன்றும் நடந்திருக்கிறது. கிளைகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். கிளையை எவ்வளவு அழுத்திப் பூசியிருக்கிறாரோ அதே அழுத்தத்தோடு வெற்றிடத்தையும் பூசியிருக்கிறார். மரம் முன்னால், வானம் பின்னால் என்ற கணக்கு இங்கே செல்லாது. இரண்டும் ஒரே தளத்துக்கு வந்துவிட்டன.

மூன்றாவது, 1912 இல் வரைந்த 'பூக்கும் ஆப்பிள் மரம்'. தலைப்பைப் படிக்காவிட்டால் அது மரம் என்று சொல்வது கடினம். இலை வடிவ வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் தண்டு இருந்த இடம் லேசாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பூ ஒன்றுகூட இல்லை.

சில வருடங்களுக்குள் ஒரே பொருளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போயிருக்கிறார். முதலில் இயல்பான நிறம், அப்புறம் தூரம், அப்புறம் தண்டு. மிச்சமிருப்பது கோடுகளுக்கும் அவற்றின் இடைவெளிகளுக்கும் உள்ள உறவு. இப்படிப்பட்ட படங்களைத் தமிழில் அரூப ஓவியம் என்கிறோம். அந்தச் சொல் கொஞ்சம் ஏமாற்றும். அரூபம் என்றால் உருவமற்றது என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். மொண்ட்ரியானிடம் உருவத்துக்குக் குறைவே இல்லை, சதுரமும் செவ்வகமும் பளிச்சென்று நிற்கின்றன. கரும்பைப் பிழிந்து சாறு எடுப்பதை நினைத்துக்கொண்டால் விஷயத்துக்குக் கிட்டத்தில் வரலாம். சாற்றில் கரும்பின் உருவம் தெரியவில்லையே என்று நாம் கேட்பதில்லை.

1872 மார்ச் 7 அன்று நெதர்லாந்தின் அமெர்ஸ்ஃபூர்ட்டில் பிறந்தவர் அவர். அப்பா கிறித்தவப் பள்ளியொன்றில் தலைமையாசிரியர், கண்டிப்பான கால்வினியப் புராட்டஸ்டன்ட். ஓவியம் கற்பிக்கத் தகுதி பெற்றவரும்கூட. சித்தப்பா ஃப்ரிட்ஸ் ஓவியர். பையனுக்கு ஓவியம் பிடித்திருந்தாலும், முதலில் ஓவிய ஆசிரியர் தேர்வுகளை எழுதி முடித்துவிட்டுத்தான் 1892 இல் ஆம்ஸ்டர்டாமின் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். நாற்பது வயதை எட்டும்வரை அவர் வரைந்தவை பெரும்பாலும் காற்றாலைகள், பண்ணை வீடுகள், மாடுகள், ஆம்ஸ்டர்டாமுக்கு அருகில் ஓடும் கெய்ன் ஆற்றங்கரை மரங்கள். நல்ல படங்கள். வரையத் தெரியாதவர்தான் கட்டம் போடப் போவார் என்று நினைப்பவர்கள் இவற்றை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்படியானால் ஏன் மரத்தைக் கைவிட்டார்? இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று ஆன்மிகம், மற்றொன்று பாரிஸ்.

ஆன்மிகக் காரணத்தில் நமக்கு ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. 1909 இல் மொண்ட்ரியான் பிரம்மஞான சபையின் டச்சுக் கிளையில் உறுப்பினரானார். சென்னையின் அடையாறு ஆலமரம் நிற்கும் வளாகம் இருக்கிறதே, அதே சபையின் தலைமையகம்தான் அது. அவர் அடையாறுக்கு வந்ததில்லை. ஆனால் சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியின் எழுத்து அவரை ஆழமாகப் பாதித்தது. கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்கு அடியில் ஒரு நிலையான ஒழுங்கு இருக்கிறது, எதிரெதிர்ச் சக்திகள் சமன்பட்டு நிற்பதே அந்த ஒழுங்கு என்பது அவர் எடுத்துக்கொண்ட சாரம். செங்குத்துக் கோட்டை ஆண் தன்மை, ஆன்மா என்றும், கிடைக்கோட்டைப் பெண் தன்மை, பருப்பொருள் என்றும் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். இன்று படித்தால் இந்தப் பகுதி எனக்குச் சலிப்பாகத்தான் இருக்கிறது. அவருடைய கட்டுரைகளும் சுலபத்தில் பிடிபடுபவை அல்ல. படங்களை ரசிக்க இந்தத் தத்துவத்தை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கோடு என்பது அவருக்கு வெறும் அலங்காரமாக இருக்கவில்லை என்பதையாவது இது காட்டுகிறது.

இனி பாரிஸ். 1911 இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் பிக்காசோவின், ப்ராக்கின் கியூபிசப் படங்களைப் பார்த்தார். ஒரு பொருளைத் துண்டு துண்டாக உடைத்து, பல கோணங்களிலிருந்து பார்த்ததை ஒரே பரப்பில் அடுக்குவது கியூபிசம். அதைப் பார்த்த கையோடு பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். போனதும் பெயரையும் மாற்றிக்கொண்டார். டச்சு எழுத்துக்கூட்டலில் அவர் குடும்பப் பெயரில் அடுத்தடுத்து இரண்டு 'a' எழுத்துகள் உண்டு, ஒன்றை நீக்கிவிட்டார். பெயரிலேயே கழித்தலைத் தொடங்கிவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

1914 இல் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் முதல் உலகப் போர் மூண்டது. 1919 வரை பாரிஸ் திரும்ப முடியவில்லை. இந்தச் சிக்கிக்கொண்ட ஐந்து வருடங்களில்தான் மரம் முழுவதுமாக மறைந்தது. 1915 இல் கடலையும் கடலுக்குள் நீளும் பாலத்தையும் வைத்து ஒரு படம் செய்தார். நெதர்லாந்தின் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முட்டை வடிவப் பரப்பு நிறையச் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள், கழித்தல் குறிகள். கீழே நடுவில் மட்டும் செங்குத்துக் கோடுகள் கொஞ்சம் நீளமாக இருக்கின்றன, அது பாலம். மற்றதெல்லாம் அலை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீர் மினுங்குவது போலவே இருக்கும். வளைவுகளுக்கு இங்கே வேலை இல்லை. இயற்கையில் நாம் பார்ப்பதில் முக்கால்வாசி வளைவுதான். அதைத் தூக்கிப் போட்ட பிறகும் கடல் மிச்சமிருக்கிறது என்பதே ஆச்சரியம். மொண்ட்ரியானின் எல்லாப் படங்களிலும் புதியவர் ஒருவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அந்தக் காலத்தில் தியோ வான் டூஸ்பர்க் என்ற துடிப்பான ஆளோடு பழக்கமானது. 1917 இல் வான் டூஸ்பர்க் 'டி ஸ்டைல்' என்ற இதழைத் தொடங்கினார். 'பாணி' என்று அர்த்தம். ஓவியர்களோடு கட்டடக் கலைஞர்களும் மரச்சாமான் வடிவமைப்பாளர்களும் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ரீட்வெல்டின் சிவப்பு-நீல நாற்காலியும், உட்ரெக்டில் அவர் 1924 இல் கட்டிய ஷ்ரோடர் வீடும் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவைதான். மொண்ட்ரியான் தன் கொள்கையை அந்த இதழில் தொடராக எழுதினார். டச்சில் அவர் வைத்த பெயரைப் 'புதிய உருவாக்கம்' என்று தமிழாக்கலாம். உலகம் அதை நியோபிளாஸ்டிசிசம் என்கிறது. பெயர்தான் பயமுறுத்தும், விதிகள் கொஞ்சமே. கோடு என்றால் கிடையும் செங்குத்தும் மட்டும். நிறம் என்றால் சிவப்பு, நீலம், மஞ்சள். அவற்றோடு கறுப்பு, வெள்ளை, சாம்பல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சமச்சீர் கூடாது. ஆனாலும் படம் சமநிலையில் நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்.

சூரிச் அருங்காட்சியகத்தில் உள்ள, 1930 இல் வரைந்த சிவப்பு-நீலம்-மஞ்சள் படம். ஒன்றரை அடிச் சதுரம்தான். வலது மேல்புறம் முழுவதையும் ஒரு பெரிய சிவப்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. இடது கீழ்மூலையில் சிறிய நீலம். வலது கீழ்மூலையில் அதைவிடச் சிறிய மஞ்சள். மிச்சமெல்லாம் வெள்ளை. சிவப்பின் பரப்பைப் பார்த்தால் படம் வலது பக்கம் சாய்ந்து விழ வேண்டும். விழவில்லை. ஏன்?

பழைய கடைகளில் வெள்ளிக்கோல் என்று ஒன்று இருக்கும். இரண்டு தட்டுத் தராசு கிடையாது. ஒரு பக்கம் குட்டையான கை, மறுபக்கம் நீளமான கை. பெரிய மூட்டையைக் குட்டைக் கையில் தொங்கவிட்டு, சின்ன எடைக்கல்லை நீளக் கையில் சரியான இடத்துக்கு நகர்த்தினால் கோல் நேராக நிற்கும். மொண்ட்ரியான் செய்வதும் இதுதான். கல் சின்னது; இடம்தான் வேலை செய்கிறது. செல்போனில் படத்தைத் திறந்து, அந்த நீலத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். சிவப்பு திடீரென்று கனத்துவிடும். விரலை எடுங்கள், படம் நிமிர்ந்துகொள்ளும். அடுத்து, இடது மேல்புறத்தில் இரண்டு வெள்ளைக் கட்டங்களைப் பிரிக்கும் சின்னக் கிடைக்கோட்டைக் கவனியுங்கள். மற்றக் கோடுகளைவிட அது தடிமன். பெரிய சிவப்பைப் பார்த்து அந்தக் குட்டைக் கறுப்பு பதில் சொல்கிறது. கோடுகள் எல்லாம் ஒரே அளவு என்று நினைத்திருந்தால் இது கண்ணில் படவே படாது.

இந்த இடங்களை அவர் எந்தச் சூத்திரத்தாலும் கண்டுபிடிக்கவில்லை. பொன்விகிதம், கணிதம் என்று பலர் தேடிப் பார்த்தார்கள். அவர் கண்ணை நம்பித்தான் வேலை செய்தார். கோட்டைக் கரிக்கோலால் போடுவது, அழிப்பது, நகர்த்துவது, மறுபடி நகர்த்துவது. பல படங்களில் பழைய கோட்டின் தடத்தை மேல்பூச்சுக்கு அடியில் இன்றும் பார்க்க முடியும். அச்சில் வழவழவென்று தெரியும் வெள்ளையும் உண்மையில் அப்படியில்லை. தூரிகைத் தடங்கள் கட்டத்துக்குக் கட்டம் வேறு திசையில் ஓடும்; ஒரு வெள்ளை லேசாக நீலம் கலந்தது, இன்னொன்று சாம்பல் கலந்தது. கைப்பைகளிலும் கோப்பைகளிலும் நாம் பார்ப்பது இந்தத் தோலை உரித்துவிட்ட மொண்ட்ரியானை. 1965 இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் இந்தக் கட்டங்களை வைத்துத் தைத்த உடைகள் பிரபலமானபோது இந்த உரித்தல் உச்சத்துக்குப் போனது. உடைகள் அழகுதான், மறுக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மைக்கேல் நால் என்ற பொறியாளர் ஒரு சோதனை செய்தார். மொண்ட்ரியான் 1917 இல் முடித்த, கூட்டல் கழித்தல் குறிகள் போன்ற கோடுகளால் ஆன ஒரு படம். அதே பாணியில் குறிகளைக் கணினி சிதறவிட்ட இன்னொரு படம். இரண்டையும் நகலெடுத்து 100 பேரிடம் காட்டினார். 59 பேருக்குக் கணினிப் படம்தான் பிடித்திருந்தது. எது கணினி போட்டது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர் மட்டுமே. மொண்ட்ரியானை ரசிப்பவர்களுக்கு இது சங்கடமான முடிவு, பூசி மெழுக முடியாது. அவருடைய ஒழுங்கான அமைப்பைப் பார்த்த பலர் அதுதான் இயந்திரத்தின் வேலை என்று நினைத்துவிட்டார்கள். சிதறிக் கிடந்ததை மனிதக் கற்பனை என்று எடுத்துக்கொண்டார்கள். மங்கலான கறுப்பு வெள்ளை நகலில் பூச்சும் தடமும் அளவும் போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் அதை மட்டும் சாக்காகச் சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. பழகாத கண்ணுக்கு ஒழுங்கு உயிரில்லாததாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

சரி, மனிதருக்கு வருவோம். 1921 முதல் 1936 வரை பாரிஸில் மொன்பர்னாஸ் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு பழைய கட்டடத்தில் அவர் ஸ்டுடியோ இருந்தது. சுவரெல்லாம் வெள்ளை, அதில் சிவப்பு, நீல, மஞ்சள் அட்டைத் துண்டுகள். அவ்வப்போது இடம் மாற்றி மாற்றி வைப்பார். ஒரு ஜாடியில் செயற்கை டூலிப் பூ ஒன்று. அதன் பச்சை இலைக்கும் வெள்ளை அடித்திருந்தார். பச்சையே பிடிக்காத மனுஷன் என்று இதை வைத்துக் கதைகள் உண்டு. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு 1920களில் அதே ஆள் பூக்களை வரைந்து விற்றுக்கொண்டிருந்தார். கட்டங்களை வாங்க ஆளில்லை, பூவுக்கு இருந்தது.

1930 இல் அந்த ஸ்டுடியோவுக்கு வந்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் அந்தச் சுவரைப் பார்த்து அசந்துபோனார். இந்தச் செவ்வகங்கள் எல்லாம் அசைந்தால் நன்றாக இருக்குமே என்றார். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது என்பது போல மொண்ட்ரியான் பதில் சொன்னதாகக் கால்டரே எழுதியிருக்கிறார். அப்புறம் கால்டர் காற்றில் ஆடும் தொங்கு சிற்பங்களைச் செய்யப் போய்விட்டார்.

வான் டூஸ்பர்க்கோடு நட்பு முறிந்ததும் இந்தக் காலத்தில்தான். வான் டூஸ்பர்க் சாய்ந்த கோட்டைக் கொண்டுவந்தார், மொண்ட்ரியான் கோபித்துக்கொண்டு வெளியேறினார் என்று சொல்வது வழக்கம். ஒரு சாய்ந்த கோட்டுக்காகச் சண்டையா என்று சிரிப்பு வரலாம். ஆனால் எல்லாமே கிடைக்கும் செங்குத்துக்குமான சமநிலையில் நிற்கும்போது, சாய்ந்த கோடு அந்தக் கணக்கையே கலைத்துவிடும். மொண்ட்ரியானுக்கும் சாய்வு வேண்டியிருந்தது; அவர் கோட்டைச் சாய்க்காமல் கித்தானைச் சாய்த்தார். சதுரக் கித்தானை வைரம் போல மூலையில் நிற்க வைத்து, உள்ளே கோடுகளை நேராகவே போட்டார். கோடுகள் விளிம்பில் வெட்டுப்பட்டு, படத்துக்கு வெளியேயும் ஓடிக்கொண்டிருப்பது போல் தோன்றும்.

1937 இல் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று இழிவுபடுத்தி நடத்திய கண்காட்சியில் அவர் படங்களும் இருந்தன. மறுவருடம் லண்டன் போனார். அங்கே குண்டு விழத் தொடங்கியதும், ஹாரி ஹோல்ட்ஸ்மன் என்ற இளம் அமெரிக்க ஓவியரின் உதவியோடு 1940 அக்டோபரில் நியூயார்க் சேர்ந்தார். வயது 68. ஹோல்ட்ஸ்மன் பூகி-வூகி என்ற துள்ளலான பியானோ இசையின் தட்டுகளைப் போட்டுக் காட்ட, கிழவர் சொக்கிப்போனார். இறுக்கமான துறவி போலத் தோன்றும் இவருக்கு நடனம் என்றால் உயிர். பாரிஸ் நாட்களிலேயே புதுப்புது ஆட்டங்களைக் கற்றுக்கொண்டவர்.

அந்த இசையும், செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் நியூயார்க் தெருக்களும் சேர்ந்து, இருபது வருட விதியொன்றை அவர் கையாலேயே உடைக்க வைத்தன. 1942-43 இல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி'யில் கறுப்புக் கோடே இல்லை. மஞ்சள் கோடுகள், அவற்றில் சிவப்பும் நீலமும் சாம்பலுமாகக் குட்டிச் சதுரங்கள் துள்ளித் துள்ளிப் போகின்றன. என்னைக் கேட்டால், 1920களின் பிரபலமான கட்டப் படங்களைவிட இதுதான் மேல். எழுபதை எட்டிய ஒருவர் தன் பழைய பாணியைத் திரும்பத் திரும்பப் போட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

அடுத்த படம் 'விக்டரி பூகி வூகி'. கிட்டத்தட்ட முடித்துவிட்டு, 1944 ஜனவரியில் மறுபடி கலைத்து, வண்ண ஒட்டுத்தாள் துண்டுகளை அதன் மேல் ஒட்டி ஒட்டி மாற்றத் தொடங்கினார். பிப்ரவரி 1 அன்று நிமோனியாவில் இறந்தார். ஒட்டுத்தாள் துண்டுகள் அப்படியே நின்றுவிட்டன. 1998 இல் நெதர்லாந்து அதை 8 கோடி கில்டருக்கு (அன்றைய டச்சு நாணயம்) வாங்கியபோது, முடியாத படத்துக்கா இவ்வளவு பணம் என்று அங்கே பெரிய சர்ச்சை எழுந்தது.

ஒட்டுத்தாள் அவருக்கு நியூயார்க்கில் கிடைத்த புதுக் கருவி. ஒட்டிப் பார்க்கலாம், பிய்த்து நகர்த்தலாம். அழித்து அழித்துப் பூசும் பாடு மிச்சம். இப்படி 1941 இல் ஒட்டுத்தாள் வைத்து அவர் செய்துகொண்டிருந்த 'நியூயார்க் சிட்டி 1' இப்போது ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கையெழுத்து இல்லை. 1945 இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சிக்கு வைத்தது முதல், நெருக்கமான கோடுகள் கீழே இருக்கும்படியாகவே அதை மாட்டிவந்தார்கள். 2022 இல் கண்காட்சி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த காப்பாளர் சுசான் மேயர்-பியூசருக்குச் சந்தேகம் வந்தது. இதே வரிசையில் முழுவதும் வண்ணத்தால் வரைந்த, பாரிஸில் உள்ள படத்தில் நெருக்கம் மேலே இருக்கிறது. மொண்ட்ரியான் இறந்து சில மாதங்களில் ஓர் அமெரிக்க இதழில் வந்த அவர் ஸ்டுடியோப் புகைப்படத்திலும், சட்டகத்தில் நிற்கும் இந்தப் படத்தின் நெருக்கம் மேலேதான். அதாவது எழுபத்தைந்து வருடங்களுக்கு மேல் படம் தலைகீழாகத் தொங்கியிருக்க வேண்டும்.

உலகம் முழுக்கச் சிரித்தார்கள். நிபுணர்களுக்கே தெரியவில்லை பார் என்று. சிவப்பு மரத்தை யாரும் இப்படி மாட்டியிருக்க மாட்டார்கள். வேர் எது, நுனி எது என்று குழந்தைக்கும் தெரியும். அதே ஆள் முப்பது வருடம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, மேல் கீழ் என்பதையும் கிட்டத்தட்ட எடுத்துவிட்ட இடம் இது. முழுவதும் எடுத்துவிடவில்லை. இணையத்தில் அந்தப் படத்தை இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள். நெருக்கம் கீழே இருந்தால் அது கனத்துத் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. மேலே இருந்தால் கீழே திறந்த வெளி விரிகிறது, படம் லேசாகிறது. எனக்கு இரண்டாவதுதான் அவருடையது என்று தோன்றுகிறது.

ஆனால் டூசல்டார்ஃப் அருங்காட்சியகம் அதைத் திருப்பவில்லை. ஒட்டுத்தாள்கள் ஏற்கெனவே ஒரு நூலில் தொங்குவது போலத்தான் இருக்கின்றன. இத்தனை வருடம் ஒரு பக்கம் இழுத்த எடை திடீரென்று மறுபக்கம் மாறினால் உதிர்ந்துவிடுமோ என்ற பயம்.